செத்த கிருமியின் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும் கிருமி: அந்த ‘சுவிட்ச்’ எப்போது ஆன் ஆகும்?

பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலருடைய மூக்கின் உட்பகுதியில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கும். பெரும்பாலும் அது ஒன்றும் செய்வதில்லை. சளிக்குள் சும்மா கிடக்கும். சில வாரம், சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடும். அதே கிருமி காதுக்குள் போனால் காது வலி. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் கிருமிக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. பக்கத்தில் செத்துக் கிடக்கும் இன்னொரு கிருமியின் டிஎன்ஏவை இழுத்து, தன் டிஎன்ஏவுக்குள் ஒட்டிக்கொள்ளும். செத்த கிருமியிடம் மருந்தைத் தாக்குப்பிடிக்கும் மரபணு இருந்ததா? இனி அது இந்தக் கிருமியின் சொத்து. இதற்குப் பிறக்கும் கிருமிகளுக்கும் அது போய்ச் சேரும்.

ஆனால் இதை அது எந்நேரமும் செய்வதில்லை. கதவு திறந்திருப்பது ஏறத்தாழ அரை மணி நேரம்தான். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அதன் மரபணுக்களே பார்த்துக்கொள்கின்றன. நாம் சாப்பிடும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளே அந்தக் கதவைத் திறந்துவிடக்கூடும். விஞ்ஞானிகளுக்குத் தலைவலி அதுதான்.

பக்கத்து வீட்டுச் சொத்து

நமக்கு மரபணு வரும் வழி அம்மா, அப்பா மட்டுமே. அடுத்த வீட்டுக்காரரின் சுருட்டை முடி பிடித்திருக்கிறது என்பதற்காக அவருடைய மரபணுவை வாங்கிக்கொள்ள முடியாது. பாக்டீரியாவால் முடியும்.

அதற்கு மூன்று வழிகள் நன்கு அறியப்பட்டவை. ஒரு கிருமி இன்னொரு கிருமியோடு இணைந்து, வட்ட வடிவிலான சிறிய டிஎன்ஏ ஒன்றின் நகலைக் கொடுக்கலாம். அல்லது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், ஒரு கிருமியின் டிஎன்ஏவைத் தவறுதலாகத் தூக்கிப்போய் இன்னொன்றில் இறக்கலாம். இந்த இரண்டிலும் வண்டி ஓட்டுவது வேறு யாரோ. வட்ட டிஎன்ஏவும் வைரஸும் தாங்கள் பரவுவதற்காகச் செய்யும் வேலை அது. பாக்டீரியா வெறும் வாகனம்.

மூன்றாவது வழியில் பாக்டீரியாவே ஓட்டுநர். வெளியில் கேட்பாரற்று மிதக்கும் டிஎன்ஏவைத் தானே பிடித்து உள்ளே இழுக்கிறது. அதற்கான கருவிகள் எல்லாம் அதன் சொந்த மரபணுக்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கருவிகளோடு தயாராக நிற்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘காம்பிடென்ஸ்’ என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு நாம் ‘ஏற்பு நிலை’ என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 80க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளில் இது தெரியவந்திருக்கிறது.

செத்த எலியில் தொடங்கிய கதை

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு கிரிஃபித் சோதனை ஞாபகம் இருக்கலாம். 1928ஆம் ஆண்டு. லண்டனில் ஃபிரெட்ரிக் கிரிஃபித் என்ற மருத்துவர் இரண்டு வகை நிமோகாக்கஸ் கிருமிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு வகைக்கு வெளியே சர்க்கரைப் பொருளால் ஆன வழவழப்பான உறை உண்டு. அந்த உறை நம் உடலின் காவல் அணுக்களிடமிருந்து கிருமியைக் காப்பாற்றும். அதை எலிக்குச் செலுத்தினால் எலி சாகும். இன்னொரு வகைக்கு உறை இல்லை. எலி பிழைத்துக்கொள்ளும்.

உறையுள்ள கிருமியைச் சூடாக்கிக் கொன்று, உறையில்லாத உயிருள்ள கிருமியோடு கலந்து எலிக்குச் செலுத்தினார் கிரிஃபித். இரண்டுமே தனித்தனியாக எலியை ஒன்றும் செய்யாதவை. ஆனாலும் எலி செத்தது. அதன் ரத்தத்தில் உயிருள்ள, உறையுள்ள கிருமிகள் இருந்தன. செத்த கிருமி எழுந்து வரவில்லை. உயிருள்ள கிருமிதான் செத்ததிடமிருந்து எதையோ வாங்கி, உறை போடக் கற்றுக்கொண்டது.

அந்த ‘எதையோ’ டிஎன்ஏதான் என்று 1944இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கழகத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியட், மெக்லின் மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். மரபுப் பண்புகளைச் சுமப்பது டிஎன்ஏ என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான ஆதாரம் அது. கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941இல் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் அவர் உயிரிழந்தார்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. அதே கிருமி, அதே டிஎன்ஏ. ஒருநாள் சோதனை பிரமாதமாக வேலை செய்யும், இன்னொரு நாள் ஒன்றுமே நடக்காது. டிஎன்ஏ இருந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ளும் கிருமியும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயார்நிலை வந்து வந்து போகிறது. எது அதை வரவைக்கிறது?

கிருமிகளின் ‘குழுச் செய்தி’

1965இல் அலெக்ஸாண்டர் தோமாஷ் என்ற ஆய்வாளர் ஒரு துப்பு கொடுத்தார். குடுவையில் வளரும் நிமோகாக்கஸ் கிருமிகள் ஓரளவு நெருக்கமாகப் பெருகியதும், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே நேரத்தில் ஏற்பு நிலைக்கு வருகின்றன. அவை வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை நீக்கிவிட்டு, அதை வேறு கிருமிகள்மீது ஊற்றினால் அவையும் தயாராகிவிடுகின்றன. அப்போ, கிருமிகள் எதையோ வெளியே விடுகின்றன. நம் உடலின் ஹார்மோன் மாதிரி ஒரு பொருள்.

அது என்ன பொருள் என்று தெரிய இன்னும் 30 ஆண்டுகள் ஆயின. 1995இல் லெய்வ் ஹோவர்ஸ்டைன், டொனால்ட் மாரிசன் ஆகியோரின் குழு அதைப் பிரித்தெடுத்தது. வெறும் 17 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டிப் புரதத் துண்டு. இங்கே அதைச் ‘செய்தி’ என்றே அழைப்போம்.

இனி வருவது கொஞ்சம் நுணுக்கமானது. பொறுமையாகப் பாருங்க, சுவாரஸ்யமே இதில்தான்.

செய்தியை எழுதும் மரபணுவின் பெயர் காம்-சி. சாதாரண நேரத்திலும் அது சொற்ப அளவில் வேலை செய்துகொண்டே இருக்கும். உருவாகும் நீளமான புரதத்தை, செல்லின் சவ்வில் இருக்கும் ஓர் ஏற்றுமதி இயந்திரம் வெட்டிச் சரிசெய்து வெளியே அனுப்பும். சவ்வில் இன்னொரு புரதம் ‘காது’ போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் காம்-டி. போதுமான அளவு செய்தி வந்து அந்தக் காதில் விழுந்தால், உள்ளே இருக்கும் காம்-இ என்ற புரதத்துக்கு அது ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றும்.

பாஸ்பேட் ஒட்டிய காம்-இ இப்போது விழித்துக்கொள்ளும். டிஎன்ஏவில் குறிப்பிட்ட சில இடங்களில் போய் உட்கார்ந்து, அங்கிருக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். எந்த மரபணுக்கள் தெரியுமா? செய்தி எழுதும் காம்-சி, காது காம்-டி, காம்-இயே கூட, அத்துடன் ஏற்றுமதி இயந்திரம். அதாவது செய்தி கேட்ட கிருமி, அதே செய்தியை இன்னும் சத்தமாகச் சொல்லும், இன்னும் கூர்மையாகக் கேட்கவும் செய்யும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்பியதை எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஃபார்வர்ட் செய்தால் என்ன ஆகும்? அதேதான். சில நிமிடங்களில் மொத்தக் கூட்டத்துக்கும் விஷயம் தெரிந்துவிடும். மெதுவாக ஏறும் விளக்கு மாதிரி இல்லாமல், தட்டினால் எரியும் சுவிட்ச் மாதிரி இது இருப்பதற்கு அந்தச் சுழற்சிதான் காரணம்.

இரண்டாம் கட்டம்: சிக்மா-எக்ஸ்

காம்-இ முடுக்கிவிடும் மரபணுக்களில் இன்னொன்றும் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம் சிக்மா-எக்ஸ்.

மரபணுவைப் படிப்பதற்கு எல்லாப் பாக்டீரியாவிலும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற இயந்திரம் இருக்கிறது. அது தானாக எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்காது. சிக்மா என்ற துணைப் புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, “இங்கே தொடங்கு” என்று காட்ட வேண்டும். அன்றாட வேலைகளுக்கான சிக்மா வேறு. சிக்மா-எக்ஸ் வந்தால் இயந்திரத்தின் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை முன்னால் சுமந்திருக்கும் மரபணுக்களை மட்டுமே படிக்கச் செய்யும். மற்ற நேரங்களில் அந்த மரபணுக்கள் கிட்டத்தட்ட மௌனமாக இருக்கும்.

மொத்தத்தில் ஏற்பு நிலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் வேகம் கூடுகிறது. நிமோகாக்கஸிடம் இருப்பதே ஏறக்குறைய 2,000 மரபணுக்கள்தான். வெளி டிஎன்ஏவைப் பிடித்து ஒட்டுவதற்கு உண்மையிலேயே தேவைப்படுபவை அந்த நூற்றில் இருபது சொச்சம். மற்றவை எதற்கு? சில, செல்லில் ஏற்பட்ட சேதத்தைச் சமாளிக்க. சில, அக்கம்பக்கத்தாரைக் கொல்ல. அந்தக் கொலைக் கதைக்குப் பிறகு வருவோம்.

தூண்டில், கத்தரி, கோந்து

தயாரான கிருமி முதலில் ஒரு மெல்லிய இழையை வெளியே நீட்டுகிறது. தூண்டில் என்று நினைத்துக்கொள்ளலாம். டிஎன்ஏ அதில் ஒட்டியதும் இழை உள்வாங்கும். இதை நேரில் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலரா கிருமியின் இழைக்கும் டிஎன்ஏவுக்கும் ஒளிரும் சாயம் ஏற்றி, இழை நீண்டு டிஎன்ஏவைத் தொட்டு இழுத்துக்கொண்டு வருவதைப் படம்பிடித்தார்கள். அந்த இழையின் தடிமன் தலைமுடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

டிஎன்ஏ இரட்டை ஏணி என்பது தெரியும்தானே? அது முழுசாக உள்ளே போவதில்லை. நிமோகாக்கஸின் வாசலில் ஒரு நொதி, கத்தரி மாதிரி நின்று ஏணியின் ஒரு பக்கத்தைச் சிதைத்துவிடும். மறுபக்கம் மட்டும் ஒற்றை இழையாகச் சவ்வில் உள்ள குறுகிய வழியே உள்ளே நுழையும். நுழைந்ததும் சில புரதங்கள் அதைப் போர்த்திப் பாதுகாக்கும். பிறகு ரெக்-ஏ என்ற புரதம், கிருமியின் சொந்த டிஎன்ஏவில் இந்த இழையோடு ஒத்துப்போகும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அங்கே பொருத்திவிடும். கிடைக்காவிட்டால் வந்த இழை துண்டுதுண்டாகி மறைந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒத்துப்போனால்தான் ஒட்டும். அதனால் நிமோகாக்கஸ் பொதுவாக உறவுக்காரர்களிடமிருந்துதான் மரபணு வாங்க முடிகிறது: அதே வகைக் கிருமி, அல்லது வாயிலும் தொண்டையிலும் வாழும் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இந்தச் சகோதரர்களைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

மூடுவது யார்?

சுழன்று சுழன்று பெருகும் சுவிட்ச்சைப் போட்டாயிற்று. அப்படியே விட்டால்? செல் அதைத் தாங்காது. அன்றாட வேலைகளின் வேகம் குறைந்து, புரதம் செய்யும் சக்தி எல்லாம் இதற்கே போய்விடும்.

மூடும் வேலையைச் செய்வது டிபிஆர்-ஏ என்ற புரதம். உள்ளே வந்த ஒற்றை இழையைப் போர்த்திப் பாதுகாத்து, ரெக்-ஏவிடம் ஒப்படைப்பதும் இதே புரதம்தான். சிக்மா-எக்ஸ் அதை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. போதிய அளவு சேர்ந்ததும், விழித்திருக்கும் காம்-இயை அது பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். காம்-இ இல்லாமல் செய்தி இல்லை, சிக்மா-எக்ஸும் இல்லை. வரவேற்பாளரே கதவையும் சாத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013இல் இது தெரியவந்தபோது, இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டைப் பார்த்துப் பலர் அசந்துபோனார்கள். எனக்கும் இந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது இதுதான்.

மூடிய பிறகு சிறிது நேரத்துக்கு அந்தக் கிருமியிடம் எவ்வளவு செய்தி சொன்னாலும் கேட்காது.

அண்ணன் தம்பியையே கொல்வது ஏன்?

டிஎன்ஏ சும்மா மிதந்து வரும் என்று காத்திருக்க நிமோகாக்கஸ் தயாராக இல்லை. ஏற்பு நிலைக்கு வந்த கிருமி ஒரு நொதியை வெளியே விடுகிறது. அது பக்கத்திலிருக்கும் கிருமிகளின் சுவரைக் கரைக்கும். செல் உடைந்து, டிஎன்ஏ வெளியே கொட்டும். விட்டவருக்கு ஒன்றும் ஆகாது. ஏன்னா, முதல் கட்டத்திலேயே தனக்குக் கவசமாக இன்னொரு புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. செய்தியைக் கேட்காமல் போனவர்களிடம் அந்தக் கவசம் இருக்காது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரே ‘சகோதரக் கொலை’.

எதற்காக இத்தனை பாடு? மூன்று விளக்கங்கள் உண்டு. டிஎன்ஏவைச் சாப்பாடாகப் பயன்படுத்துகிறது என்கிறார்கள் சிலர். அதன் துண்டுகள் புதிய டிஎன்ஏ செய்ய உதவும். உடைந்த தன் டிஎன்ஏவைப் பழுதுபார்க்க என்கிறார்கள் சிலர். புதிய மரபணுச் சேர்க்கைகள் கிடைக்கும் என்பது மூன்றாவது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரே பதில் இருந்தாக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

எல்லாருக்கும் ஒரே சுவிட்ச் கிடையாது

காலரா கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலோர நீரில், நண்டு, இறால் போன்றவற்றின் ஓட்டில் ஒட்டி வாழும். அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. கைட்டினைத் தொட்டால்தான் அந்தக் கிருமி ஏற்பு நிலைக்கு வருகிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். கைட்டின் துண்டுகள் டிஎஃப்ஓ-எக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைக் கூட்டும். கூடவே அக்கம்பக்கத்தில் கூட்டம் இருக்கிறது என்ற செய்தியும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். 2015இல் இன்னொன்றும் தெரிந்தது. அதே டிஎஃப்ஓ-எக்ஸ், கிருமிக்குள் இருக்கும் ஈட்டி போன்ற ஆயுதத்தையும் தயார்படுத்துகிறது. பக்கத்துக் கிருமியைக் குத்திக் கொன்று, கொட்டும் டிஎன்ஏவை அள்ளிக்கொள்ளும்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் கொஞ்சம் சூதாட்டக்காரன். ஒரே தாய்க்குப் பிறந்த, ஒரே மாதிரிக் கிருமிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அல்லது இரண்டு மட்டுமே ஏற்பு நிலைக்குப் போகும். மற்றவை போகாது. காம்-கே என்ற புரதத்தின் அளவு ஒவ்வொரு செல்லிலும் தற்செயலாகக் கொஞ்சம் ஏறி இறங்கும். எல்லையைத் தாண்டிய செல்லில் அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்.

ஹீமோஃபிலஸ் பட்டினி கிடந்தால் திறக்கும். அதுவும் எல்லா டிஎன்ஏவையும் அப்படி ஆசையாக இழுக்காது. ஒன்பது எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும் டிஎன்ஏவைத்தான் விரும்பும். அதன் சொந்த டிஎன்ஏவில் அந்தக் குறியீடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. கொனோரியா கிருமிக்கோ சுவிட்ச்சே இல்லை என்று சொல்லலாம். எப்போதும் திறந்த வீடு.

பழைய டிஎன்ஏவும் பரவாயில்லையா? 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 43,000 ஆண்டு பழமையான மாமத் யானை எலும்பிலிருந்து எடுத்த சிதைந்த டிஎன்ஏ துண்டுகளைக்கூட அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியா தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொண்டது.

மருந்து எப்படிச் சுவிட்ச்சைப் போடுகிறது?

மறுபடி நிமோகாக்கஸ். 2006இல் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பட்டால் இந்தக் கிருமி ஏற்பு நிலைக்குப் போகிறது என்று காட்டினார்கள். குறிப்பாக, டிஎன்ஏ நகலெடுப்பைத் தடுக்கும் ஃபுளோரோகுயினலோன் வகை மருந்துகள். பல பாக்டீரியாக்களிடம் டிஎன்ஏ சேதத்துக்கென்று தனி அவசர ஏற்பாடு உண்டு. நிமோகாக்கஸிடம் அது இல்லை. அதற்குப் பதிலாக இதைத்தான் பயன்படுத்துகிறதோ என்று அவர்கள் கருதினார்கள்.

மருந்துக்கும் சுவிட்ச்சுக்கும் என்ன தொடர்பு? 2014இல் யான்-வில்லம் வேனிங் குழு சொன்ன பதில் ரொம்ப எளிமையானது.

ஒரு தடித்த புத்தகத்தை ஃபோட்டோகாப்பி எடுக்கிறீர்கள். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை போக வேண்டும். நடுவில் தாள் சிக்கிக்கொள்கிறது. நீங்களோ அதைப் பார்க்காமல், மறுபடி மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசியில் மேசையில் என்ன இருக்கும்? முதல் சில பக்கங்களின் நகல்கள் குவிந்து கிடக்கும். பின்பக்கங்கள் ஒரே ஒரு பிரதிதான்.

பாக்டீரியாவும் டிஎன்ஏவை ஒரே ஒரு இடத்திலிருந்துதான் நகலெடுக்கத் தொடங்கும். மருந்து நகலெடுப்பை நடுவழியில் நிறுத்துகிறது. தொடங்குவதை நிறுத்துவதில்லை. அதனால் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. செய்தி, காது, ஏற்றுமதி இயந்திரம் ஆகியவற்றின் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? அந்தத் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில்! எண்ணிக்கை கூடினால் செய்தி கூடும். செய்தி எல்லையைத் தாண்டினால் சுவிட்ச் விழும். தனியாக எந்த உணர்கருவியும் வேண்டியதில்லை. மரபணு உட்கார்ந்திருக்கும் இடமே போதும்.

எல்லா மருந்தும் இப்படிச் செய்வதில்லை. சில மருந்துகள் வேறு வழியில் போய் அதே இடத்தைத் தொடுகின்றன: கிருமிகள் பிரிந்துபோகாமல் சங்கிலியாக ஒட்டிக் கிடக்கும்படி செய்வதால், செய்தி பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

“அப்போ மருந்தே சாப்பிடக் கூடாதா?” அப்படி இல்லை. நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் உயிர்காக்கும். டாக்டர் கொடுத்ததைச் சாப்பிடத்தான் வேண்டும். சிக்கல், வைரஸால் வரும் சாதாரண சளிக்கு வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வதில். வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஆனால் மூக்கில் சும்மா கிடக்கும் நிமோகாக்கஸுக்கு அந்த மருந்து போய்ச் சேரும்.

தடுப்பூசியைத் தாண்டிய உறை

இதன் விளைவு ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. பென்சிலின் ஒரு காலத்தில் நிமோகாக்கஸை எளிதாக வீழ்த்தியது. அது போய் ஒட்டும் புரதங்களின் மரபணுக்களை, தாக்குப்பிடிக்கும் கிருமிகளில் படித்துப் பார்த்தபோது அவை ஒட்டுத்துணி மாதிரி இருந்தன. ஒரு துண்டு நிமோகாக்கஸுடையது, அடுத்த துண்டு வேறு யாருடையதோ. முன்னே சொன்ன அந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஞாபகம் இருக்கிறதா? வாயில் வாழும் மிட்டிஸ் என்ற கிருமியிடமிருந்து வந்த துண்டுகள் அவற்றில் இருந்தன.

2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதை உலக அளவில் காட்டியது. ஸ்பெயினில் முதலில் அடையாளம் காணப்பட்டு உலகெங்கும் பரவிய, பல மருந்துகளைத் தாக்குப்பிடிக்கும் ஒரே பரம்பரையைச் சேர்ந்த 240 மாதிரிகள். 1984 முதல் 2008 வரை சேகரிக்கப்பட்டவை. அவற்றின் டிஎன்ஏவை முழுதாகப் படித்ததில், வெளி டிஎன்ஏ வந்து ஒட்டிய 700க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் தெரிந்தன. சில மாதிரிகள் தங்கள் உறையையே மாற்றியிருந்தன. கிரிஃபித் எலியில் பார்த்த அதே விஷயம்தான், இந்தமுறை மனிதர்களின் மூக்கில்.

உறை மாறினால் ஏன் கவலை? குழந்தைகளுக்குப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசி உடலுக்கு அடையாளம் காட்டுவதே அந்த உறையைத்தான். சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் அது இருக்கிறது. மலேசியாவில் 2020இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான முதல் தடுப்பூசி ஏழு வகை உறைகளைக் குறிவைத்தது. நோய் வெகுவாகக் குறைந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏழில் இல்லாத 19ஏ என்ற உறை கொண்ட கிருமிகள் பெருகத் தொடங்கின. ஸ்பெயின் பரம்பரையிலும் 19ஏ உறைக்கு மாறியவை இருந்தன. அந்த மாற்றம் தடுப்பூசிக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று 2011 ஆய்வு கணித்தது. கிருமி தடுப்பூசியைப் பார்த்து உறையை மாற்றவில்லை. மாற்றி வைத்திருந்த சில கிருமிகளுக்குத் தடுப்பூசி வந்த பிறகு இடம் காலியானது. 2010இல் வந்த 13 வகைத் தடுப்பூசியில் 19ஏ சேர்க்கப்பட்டது. நிமோகாக்கஸுக்கு இதுவரை தெரிந்த உறை வகைகளோ சுமார் நூறு.

சுவிட்ச்சையே அடைத்துவிட்டால்?

கிருமியைக் கொல்லாமல் அதன் செய்தியை மட்டும் நிறுத்த முடியுமா என்று யோசித்தார்கள் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் வேனிங் குழுவினர். ஏற்கெனவே மனிதர்களுக்குப் பயன்படுத்த ஒப்புதல் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவை ஏற்பு நிலையைத் தடுத்தன. மனநல மருந்துகள், மலேரியா மருந்துகள்கூட அந்தப் பட்டியலில் இருந்தன.

கிருமியின் சவ்வில் மின்கலம் மாதிரி ஓர் ஆற்றல் வேறுபாடு எப்போதும் இருக்கும். இந்த மருந்துகளில் பல அதைச் சற்றுக் குலைக்கின்றன. கிருமியின் வளர்ச்சி பாதிக்காத அளவு சிறிய தொகையிலேயே செய்தி வெளியே போவது நின்றுவிடுகிறது. எலிகளிலும் மரபணு கைமாறுவது குறைந்தது. கிருமி சாகாததால், தடையைத் தாண்டிவர வேண்டிய கட்டாயமும் அதற்குக் குறைவு. ஆய்வாளர்கள் இதைத்தான் பெரிய அனுகூலமாகப் பார்க்கிறார்கள்.

எலிக்குச் சரிப்பட்ட அளவு மனிதரின் மூக்கில், தொண்டையில் எப்படிப் போய்ச் சேரும்? மனநல மருந்தைக் காது வலிக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? அந்த மருந்துகளின் மற்ற விளைவுகளை நீக்கிவிட்டு, செய்தியை அடைக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் புதிய பொருள் தேவைப்படும். நோயாளிகளுக்கு இதற்கென்று எந்த மருந்தும் இன்னும் பரிந்துரைக்கப்படுவதில்லை.